சிசுவின் சிறுநீர் தரும் சான்று

பிறந்த சிசு அழாதிருப்பின் பிரசவ அறையில் உள்ளோர் அனைவரும் அஞ்சுவர். ஆயின், அவ்வமைதியை மட்டும் கொண்டு அதன் மூளை ஒட்சிசன் இழந்து ஊறுபட்டுள்ளதா எனத் துணிதல் அரிது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் சிசுக்கள் பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் இறந்தன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பிறப்புவேளையில் ஒட்சிசன் கிடையாமை இவ்விறப்புகளின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். பிழைத்தவற்றுட் சில பெருமூளை வாதத்துடனோ வலிப்புடனோ வளர்கின்றன. இவ்விழப்பைக் காலந் தாழ்த்தாது அறியச் சிறுநீர் எவ்வளவிற்கு உதவும் என்பதை இங்கு நோக்குவோம்.

1953இல் வேர்ஜினியா அப்கார் என்னும் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் வெளியிட்ட புள்ளித்திட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. இருதயத் துடிப்பு, சுவாசம், தசையிறுக்கம், தூண்டலுக்கான துலங்கல், தோலின் நிறம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி இடப்படும். சிசுவின் அப்போதைய நிலையை இது காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது. குறைமாதப் பிறப்பும், தாய்க்குக் கொடுத்த மருந்துகளுங்கூடப் புள்ளியைக் குறைக்கலாம். தொப்புட்கொடிக் குருதியின் அமிலத்தன்மையை அளத்தல் இதனினும் திட்டமானது. ஆனால் அதற்குரிய கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை.

ஒட்சிசன் குன்றும்போது கலங்கள் குளுக்கோசை முற்றாக எரிக்க இயலாது அதனை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. சக்தியைத் தாங்கும் அடினோசீன் முப்பொசுபேற்று ஈடுசெய்யப்படாது சிதைகிறது. அச்சிதைவின் இறுதி விளைபொருள் யூரிக்கமிலமாகும். இரண்டும் குருதிவழியே சிறுநீரகத்தை அடைந்து வெளியேறுகின்றன. சிறுநீர் நீர்த்தோ செறிந்தோ இருக்கலாமாதலால், அவற்றைக் கிரியற்றினினுக்கு விகிதமாகவே கணிப்பர்.

1999இல் தாய்வான் ஆய்வாளர்கள், பிறந்து ஆறு மணித்தியாலத்துட் பெற்ற சிறுநீரில் இலற்றிக்கமில விகிதத்தை அளந்தனர். நலமான சிசுக்களில் அதன் சராசரி 0.09 ஆகவும், பின்னர் மூளைப்பாதிப்புக்கு உள்ளானவற்றில் 16.75 ஆகவும் இருந்தது. வேறுபாடு வியக்கத்தக்கதே. எனினும், அவர்கள் கையாண்ட கருக்காந்தப் பரிவு நிறமாலைமானி விலைமிக்க கருவி. யூரிக்கமிலத்தையோ சாதாரண ஆய்வுகூடத்திலேயே அளக்கலாம். சிசுவின் உடலில் ஊசி ஏற்றவும் வேண்டியதில்லை. இந்திய வைத்தியர் பலர் இதனை ஆராய முற்பட்டமைக்கு இவ்வெளிமையே காரணம் எனலாம்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒட்சிசன் குன்றிய சிசுவின் உடல், குருதியை மூளைக்கும் இருதயத்துக்கும் திருப்பிச் சிறுநீரகத்துக்குச் செல்வதைக் குறைக்கிறது. ஆகவே, சான்று மிக வேண்டப்படும் சிசுவிடமே அது பிந்திக் கிடைக்கிறது. மேலும், முதல் நாட்களிற் சிசுவின் குருதியிலுள்ள கிரியற்றினினில் ஒரு பகுதி தாயினுடையது. எனவே விகிதத்தின் பெறுமானத்தை நிதானத்துடனேயே விளக்கவேண்டும்.

விரைவு ஏன் முக்கியமாகிறது? 2005இல் வெளியான ஆய்வுகளைத் தொடர்ந்து, செல்வந்த நாடுகளிற் குளிரூட்டற் சிகிச்சை வழக்கிற்கு வந்தது. ஆறு மணித்தியாலத்துள் தொடங்கி, உடல்வெப்பத்தை 33 தொடக்கம் 34 பாகை வரை தாழ்த்தி, 72 மணித்தியாலம் பேணுவர். ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 சிசுக்களிடம் நடாத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வு வேறு முடிவைத் தந்தது. குளிரூட்டப்பட்டவற்றில் நூற்றுக்கு 42 இறந்தன. குளிரூட்டப்படாதவற்றில் நூற்றுக்கு 31. இங்குள்ள சிசுக்களிற் பலவற்றின் மூளையூறு பிரசவத்துக்கு முன்னரே தொடங்கியிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. ஒட்சிசன் குன்றியது என்பதை மட்டுமன்றி, எப்போது குன்றியது என்பதையும் கூறும் அடையாளப்பொருளே எமக்கு வேண்டும். அதன் பெறுமானங்களை எமது சிசுக்களிடமே அளந்து நிறுவவேண்டும். பிறநாட்டு அளவுகோலை அவ்வாறே ஏற்பது உயிருக்கே தீங்காகலாம் என்பதை 2021ஆம் ஆண்டின் ஆய்வு உணர்த்துகிறது. அதுவரை, கர்ப்பிணித் தாயின் போசாக்கும், பிரசவவேளையில் விழிப்பான கண்காணிப்பும், சுவாசப்பையும் முகமூடியுங் கொண்டு மூச்சூட்டத் தெரிந்த மருத்துவிச்சியுமே சிசுவின் முதற் காவல். சிறுநீர்ச் சோதனை அக்காவலுக்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.