அடிமைப்பட்டோர்க்கு ஈடு எங்கே?

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியாரைப் போன்ற வனவாசிகளுக்குச் சரித்திர காலமாக அநீதி இழைக்கப்பட்டதென்பதை, 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே நமது பார்லிமெண்டு ஒப்புக்கொண்டது. பிழையை ஒப்புக்கொண்டு, பரிகாரமாக நில உரிமை அளிப்பதே நேர்மையான முறையாகும். மலையைவிட்டுச் சமவெளிக்கு இறங்கினால், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாய் உழைத்தோரின் சந்ததியார்க்கு என்ன ஈடு கிடைத்ததென்று கேட்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1833-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, இரண்டு கோடி பவுன் ஈடாக ஒதுக்கிற்று. அத்தொகை முழுவதும் எஜமானர்களுக்கே சென்றது. விலங்கு சுமந்தவனுக்கு ஒரு காசுமில்லை. இந்தியாவில் 1843-ஆம் வருஷத்துச் சட்டமோ, அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கலாகாதென்று கூறியதோடு நின்றது. விடுதலை பெற்றவன் நிலமின்றிப் பழைய பண்ணை வாசலிலேயே நின்றான்.

செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் இந்த அவலத்தை எழுதிக்காட்டிய பின்னரே, 1892-இல் சென்னை சர்க்கார் பஞ்சமி நிலங்களை வழங்க உத்தரவிட்டது. பத்து வருஷம் விற்கலாகாது. பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாரன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களிற் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. காரணை நிலத்தை மீட்க 1994-இல் நடந்த கிளர்ச்சியில் போலீஸ் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர்.

முன்னோர் பிழைக்கு இன்றுள்ளோர் பொறுப்பாவதெங்ஙனம் என்பர் சிலர். எஜமானர்களுக்கு ஈடு கொடுக்க வாங்கிய கடனை பிரிட்டிஷ் ஜனங்கள் 2015 வரையில் தம் வரிப்பணத்தால் தீர்த்து வந்தனர். எஜமானனுக்குப் பட்ட கடன் ஏறக்குறைய 180 வருஷம் செல்லுமாயின், அடிமைக்குப் பட்ட கடன் மட்டும் காலாவதியாகுமோ? தகப்பன் சொத்தை அனுபவிப்பவன் தகப்பன் கடனையும் ஏற்க வேண்டுமென்பது நம் நாட்டார் நன்கறிந்த நியாயமன்றோ?

பஞ்சமி நிலத்தைத் திருப்பித் தருவது தானமன்று, புதிய சலுகையுமன்று. நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாதென்பதே சட்டம். ஆகவே கிராமவாரியாகக் கணக்கெடுத்து ஜாபிதாவைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். செல்லாத கிரயங்களை ரத்துசெய்து, உரியவர் பெயரில் பட்டா வழங்கவேண்டும். தேசத் தொண்டர்களும் தத்தம் தாலுகாவில் இக்கணக்கைக் கேட்கத் தொடங்கட்டும். சுதந்திரம் அடைந்த தேசம் இப்பழங்கடனைத் தீர்க்காமல் தலைநிமிர்ந்து நிற்றல் இயலாதென்பது நமது துணிபு.