வெனீர் ஒட்டுதல்

வெனீர் ஒட்டுதல் என்பது, ஒரு மரத்திலிருந்து சீவி எடுக்கப்பட்ட மெல்லிய தகடுகளைப் பசை கொண்டு வேறொரு பலகையின் மீது ஒட்டி, அந்தப் பலகைக்கு அம்மரத்தின் தோற்றத்தைத் தரும் தச்சு முறையாகும். ஒட்டப்படும் தகடு வெனீர் எனவும், அதைத் தாங்கும் பலகை அடிப்பலகை எனவும் அழைக்கப்படுகின்றன. கதவு, அலமாரி, மேசை, சுவர்ப்பலகை, இசைக்கருவி ஆகியவற்றில் இம்முறை பயன்படுகிறது. அலங்கார வெனீரின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். பார்வைக்கு இது தாள் ஒட்டுவது போன்ற எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் வெனீரும் மரமே. ஈரத்தை உறிஞ்சினால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஒட்டும்போது கடைப்பிடிக்கப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த அசைவைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டவை.

வரலாறு

பண்டைய எகிப்தில் நல்ல மரம் அரிதாக இருந்தது. கருங்காலி போன்ற மரங்கள் தெற்கிலிருந்து வரவழைக்கப்பட்டன. எனவே விலை உயர்ந்த மரத்தை மெல்லியதாக அறுத்து மலிவான மரத்தின் மீது ஒட்டும் வழக்கம் அங்கே தோன்றியது. தீபிசு நகரில் உள்ள ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரோவியத்தில், தச்சர்கள் பசைப் பானையுடன் இவ்வேலையைச் செய்யும் காட்சி உள்ளது. 1922இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் கருங்காலியும் யானைத் தந்தமும் ஒட்டப்பட்ட பெட்டிகள் கிடைத்தன. உரோம எழுத்தாளரான மூத்த பிளினி, 1ஆம் நூற்றாண்டில் எழுதிய தமது இயற்கை வரலாற்று நூலில் இக்கலையைக் குறிப்பிட்டுள்ளார்.

பல நூற்றாண்டுகளாக வெனீர் கைரம்பத்தால் அறுக்கப்பட்டது. பிரித்தானியாவில் மார்க் இசம்பார்ட் புரூனல் 1806இல் வெனீர் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ரம்பத்துக்குப் பதிலாகக் கத்தியால் சீவும் இயந்திரங்கள் வந்தன. ரம்பம் மரத்தின் ஒரு பகுதியைத் தூளாக்கி வீணாக்கும். கத்தி அவ்வாறு வீணாக்குவதில்லை.

தகடு எடுக்கும் முறைகள்

மரத்துண்டு முதலில் வெந்நீரிலோ நீராவியிலோ பல மணி நேரம் ஊறவைக்கப்பட்டு மென்மையாக்கப்படுகிறது. பின்னர் இரண்டு வழிகளில் ஒன்றால் தகடு எடுக்கப்படுகிறது.

சுழல் சீவல்: மரத்துண்டு கடைசல் இயந்திரத்தில் சுழல, நீண்ட கத்தி பாய் சுருளை விரிப்பது போல அதை உரித்தெடுக்கிறது. ஒட்டுப்பலகையின் உள் அடுக்குகள் பெரும்பாலும் இவ்வாறு கிடைக்கின்றன.

தட்டைச் சீவல்: நீளவாட்டில் பிளக்கப்பட்ட துண்டு, கத்தியின் மீது திரும்பத் திரும்ப நகர்த்தப்பட்டுத் தகடு தகடாகச் சீவப்படுகிறது. அலங்கார வெனீருக்கு இம்முறையே ஏற்றது. அடுத்தடுத்த தகடுகளில் ரேகை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றைப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைப் போல விரித்து இணைக்கலாம்.

சீவும்போது கத்தியின் பக்கம் இருந்த முகத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஏற்படும். இது தளர்முகம், மறுபுறம் இறுக்கமுகம். தகட்டை நாரின் வழியே இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எப்பக்கமாக எளிதில் வளைகிறது என்பதைக் கொண்டு இவற்றை வேறுபடுத்தி அறியலாம். இயன்றவரை தளர்முகம் பசையின் பக்கம் இருக்குமாறு ஒட்டினால், வெடிப்புகள் வார்னிஷ் பூசிய பின் வெளியே தெரியாது.

மரச் சிக்கனம்

ஒரு கன மீட்டர் மரத்தை அரை மில்லிமீட்டர் தகடுகளாகச் சீவினால், கணக்கின்படி 2000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். அதே மரத்தை 19 மி.மீ. பலகைகளாக அறுத்தால், ரம்பத்தூளைக் கழிக்காமலேயே சுமார் 52 சதுர மீட்டர்தான் கிடைக்கும். விளிம்பும் பழுதும் கழிந்தபின் நடைமுறையில் இரண்டும் குறையும் என்றாலும், வேறுபாடு மிகப் பெரியது. ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரம் உள்ளிட்ட டால்பெர்சியா பேரினத்தின் பன்னாட்டு வணிகம், 2017 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படுகிறது. இத்தகைய அரிய மரங்களைக் குறைவாகச் செலவிட்டுப் பயன்படுத்த வெனீர் முக்கிய வழியாகும்.

மரத்தின் அசைவும் சமநிலையும்

மரம் நாரின் நீளவாட்டில் மிகக் குறைவாகவும், நாருக்குக் குறுக்கே அதிகமாகவும் சுருங்கி விரியும். 300 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 5 சதவீதப் புள்ளி குறைந்தால், அதன் அகலம் 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கக்கூடும். இக்காரணத்தால் அகலமான முழுமரப் பலகை நல்ல அடிப்பலகை ஆகாது. ஒட்டுப்பலகை, பிளாக்போர்டு, எம்.டி.எஃப். ஆகியவை குறைவாகவே அசைவதால் அவை விரும்பப்படுகின்றன. ஒட்டுப்பலகையில் வெனீரின் நார்த்திசை, அதன் மேலடுக்கின் நார்த்திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் அமைந்தால் நாளடைவில் மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம்.

பசையில் உள்ள நீரால் வெனீர் விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் உலரும்போது சுருங்க முயன்று, அடிப்பலகையின் அந்த முகத்தை இழுக்கிறது. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டப்பட்ட பலகை வில்போல் வளைவதற்கு இதுவே காரணம். இதைத் தவிர்க்கப் பின்முகத்திலும் ஏறத்தாழ அதே தடிமனுள்ள வெனீரை அதே நார்த்திசையில், இயன்றவரை ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். பின்முகம் பார்வையில் படாது என்றால் மலிவான மரத்தின் வெனீரே போதும். சட்டத்தில் இறுக்கமாகப் பொருத்தப்படாமல் தனித்து நிற்கும் அலமாரிக் கதவுகளில் இவ்விதி மிகவும் முக்கியமானது.

பசை வகைகள்

விலங்குப் பசை: தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது, சுமார் 60 பாகை செல்சியசில் சூடாக்கிப் பூசப்படுகிறது. சூடும் ஈரமும் பட்டால் இளகுவதால், பழைய பொருள்களைச் செப்பனிடுவோர் இன்றும் இதை விரும்புகின்றனர்.

வெள்ளைப் பசை: பாலிவினைல் அசிட்டேட்டு அடிப்படையிலானது. எளிதில் கிடைப்பது, கையாளவும் எளிது. நீர் கலந்திருப்பதால் வெனீரை விரியச் செய்யும். சூட்டில் இளகும்.

யூரியா பார்மால்டிகைடு பசை: ஆலைகளில் வெப்ப அழுத்த இயந்திரத்துடன் பயன்படுவது. கெட்டியாக இறுகும். இதிலிருந்து வெளிவரும் பார்மால்டிகைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. எனவே உமிழ்வு குறைந்த பசைகள் இப்போது வலியுறுத்தப்படுகின்றன.

ரப்பர் பசை: இரு பரப்பிலும் பூசி, கையில் ஒட்டாத அளவு உலர்ந்தபின் சேர்க்கப்படுவது. தொட்டவுடன் பற்றிக்கொள்வதால் பிழையைத் திருத்த இடமில்லை. முழுதும் இறுகாமல் நெகிழ்வாகவே இருப்பதால், வெனீரின் அசைவை இது முழுமையாகத் தடுப்பதில்லை. தாள் பின்னணி இல்லாத வெனீருக்கு இது சிறந்த தேர்வன்று.

ஒட்டும் படிகள்

1. பதப்படுத்தல்: வெனீரையும் அடிப்பலகையையும் வேலை செய்யும் அறையிலேயே சில நாள்கள் வைத்து, ஈரப்பதத்தைச் சமப்படுத்த வேண்டும். சுருண்ட தகட்டின் மீது இலேசாக நீர் தெளித்து, இரு பலகைகளுக்கு இடையே பாரம் வைத்துச் சமன்செய்து, நன்கு உலரவிட வேண்டும்.

2. அடிப்பலகை: ஆணித்துளைகளையும் குழிகளையும் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை நீக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தகடு அடியிலுள்ள குழியை மறைக்காது.

3. இணைத்தல்: தகடுகளை இரும்பு அளவுகோலின் துணையுடன் கூரிய கத்தியால் நேராக வெட்டி, இணைப்பின் மீது முகப்புறத்தில் நீர்ப்பசைக் காகித நாடா ஒட்ட வேண்டும். நாற்புறமும் சுமார் 10 மி.மீ. கூடுதலாக விடுவது வழக்கம்.

4. பசை பூசுதல்: வெள்ளைப் பசையை அடிப்பலகையில் மட்டும் பூச வேண்டும், வெனீரில் பூசினால் அது உடனே சுருளும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிராம் என்ற அளவில் ரோலரால் சீராகப் பரப்பலாம். பசை மிகுந்தால் மரத்துளைகள் வழியே மேலே கசிந்து, வார்னிஷ் ஏறாத திட்டுகளை உண்டாக்கும்.

5. அழுத்துதல்: வெனீரின் மீது பாலித்தீன் தாளும், அதன்மேல் சமமான பலகையும் வைத்துக் கிளாம்புகளால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இறுக்க வேண்டும். வெற்றிடப் பை பயன்படுத்தினால் காற்றழுத்தமே இவ்வேலையைச் செய்யும். 8 × 4 அடிப் பலகையின் மீது அது ஏறத்தாழ 25 டன் எடைக்கு நிகரான விசையைச் சீராகச் செலுத்தும். கிளாம்பு போட்ட பலகையை ஓர் இரவு முழுவதும் அப்படியே விடுவது பாதுகாப்பானது.

6. முடித்தல்: கூடுதல் விளிம்பைச் சீவியபின், நாடாவை நனைத்து நீக்க வேண்டும். நன்கு உலர்ந்த பிறகு நுண்ணிய உப்புத்தாளால் நாரின் வழியே மட்டும் தேய்க்க வேண்டும். மின் தேய்ப்பான் ஓரங்களில் நொடிப்பொழுதில் வெனீரைத் துளைத்து அடிப்பலகையை வெளிக்காட்டிவிடும்.

குறைகளும் திருத்தமும்

ஒட்டிய பரப்பை விரல்நகத்தால் தட்டிப் பார்ப்பது எளிய சோதனை. வெற்றொலி கேட்கும் இடத்தில் பசை பிடிக்கவில்லை என்று பொருள். கொப்புளம் எழுந்தால், நாரின் வழியே பிளேடால் கீறி, ஊசியால் சிறிது பசை செலுத்தி, தாள் விரித்து மீண்டும் அழுத்தலாம். வெள்ளைப் பசையால் ஒட்டியதாயின், மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாலே பசை இளகி மீண்டும் பிடிப்பதுண்டு. இதே இயல்பு ஒரு குறையும் ஆகும். கொதிக்கும் பாத்திரத்தை மேசையில் நேரடியாக வைத்தால் வெனீர் எழும்பலாம். உரசி அடிப்பலகை தெரிந்துவிட்ட இடத்துக்குச் சாயம் பூசுவது தற்காலிக மறைப்பே. அதே ரேகையுள்ள துண்டைப் பதிப்பதே சரியான திருத்தம்.

பாதுகாப்பு

ரப்பர் பசையின் கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றும். அவற்றின் ஆவி தலைச்சுற்றலை உண்டாக்கும். மூடிய அறையிலும் அடுப்பின் அருகிலும் அதைப் பூசக்கூடாது. மரத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கு விளைவிப்பதால், தேய்க்கும்போது முகக்கவசம் அணிவது அவசியம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் அலங்கார வெனீர் ஒட்டிய ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 1328 என்ற தரநிலை உள்ளது. வாங்கும்போது பலகையின் முன்முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பின்முகத்திலும் வெனீர் உள்ளதா என்பதையும், பலகையைக் கண்மட்டத்தில் பிடித்து விளிம்பு வழியே நோக்கினால் அது நேராக உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். நேரடி வெயிலும் சுவர்க்கசிவும் படாத இடத்தில் வைத்தால், சரியாக ஒட்டப்பட்ட வெனீர் பல பத்தாண்டுகள் நிலைக்கும்.