புலம்பல் திருப்பாடல்கள்

புலம்பல் திருப்பாடல்கள் என்பவை விவிலியத்தின் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்) நூலில், துன்புறுவோர் கடவுளிடம் முறையிடுவதாக அமைந்த பாடல்கள் ஆகும். அந்நூலின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றின் வடிவத்தை வகைப்படுத்தி ஆராய்ந்தவர்களுள் செருமானிய அறிஞர் எர்மன் குங்கெல் (1862–1932) முதன்மையானவர்.

நோய், பகை, தனிமை ஆகியவற்றை இவை பேசினாலும், நோய் இன்னது, பகைவர் இன்னார் என்று பெரும்பாலும் கூறுவதில்லை. எனவே பாடலில் வரும் "நான்" என்பவரின் இடத்தில் எக்காலத்தவரும் தம்மை வைத்து வேண்ட முடிகிறது. சிலுவையில் இயேசு 22ஆம் பாடலின் தொடக்கத்தைச் சொல்லிக் கதறியதாக மத்தேயு, மாற்கு நற்செய்திகள் குறிப்பிடுகின்றன.

இப்பாடல்களுள் பல நம்பிக்கையில் முடிவடையும். 88ஆம் பாடலோ இருளிலேயே முடிகிறது. எனினும் அதன் முறையீடும் கடவுளை நோக்கியதே. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் இது வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் இடம்பெறுகிறது.