வராத மின்னஞ்சலும் ஒலிக்காத நினைவூட்டலும்

கணினியில் அவுட்லுக் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் நேரம் தவறுவதற்கு இடமில்லை. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும் என்பது வீட்டிலிருந்த குழந்தைகளுக்கும் தெரியும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பல குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றன. இங்கேயே தங்கியவர்களில் பலர் அதிகாலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடையும் பட்டறையும் நடத்துவோர், கணக்குகளைக் கணினியிலேயே வைத்துள்ளனர்.

இவர்கள் அனைவருக்கும் இன்று சங்கின் இடத்தில் இருப்பவை மின்னஞ்சலும் அதனோடு இணைந்த நாட்காட்டியும்தாம். கணக்கு அறிக்கை, கடன் தவணை அறிவிப்பு, வைப்புத்தொகை முதிர்வுச் செய்தி, லாக்கர் வாடகை நினைவூட்டல் ஆகியவை பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே வருகின்றன. வீடு மாறியவர்களுக்குப் பழைய முகவரிக்குச் சென்ற கடிதம் கிடைப்பதில்லை. மின்னஞ்சல் ஒன்றே அவர்களைத் தேடிச் சேரும். அதுவும் நின்றுபோனால் இழப்பு நேரிடும்.

முதிர்ந்த நிரந்தர வைப்பு ஒன்று புதுப்பிக்கப்படாமலும் பெறப்படாமலும் கிடந்தால், ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை மாத விதிப்படி, சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். பத்தாண்டுகள் எவரும் கேளாமல் கிடந்தால், அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். பிறகும் உரிமை கோரிப் பெறலாம் என்றாலும், அலைச்சல் மிகுதி.

கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் “அறிக்கை வரவேயில்லை” என்று கூறும்போது, பல நேரங்களில் அஞ்சல் அனுப்பப்பட்டிருக்கிறது. கணினியில்தான் எங்கோ தடைபட்டு நிற்கிறது. அத்தடைகளை வாடிக்கையாளர்கள் தாமே கண்டறிந்து நீக்கும் வழிகளை இங்குத் தொகுத்துள்ளோம். மேசைக்கணினியில் நிறுவப்படும் அவுட்லுக் மென்பொருளின் பழைய வடிவத்தை மனத்திற்கொண்டு எழுதியுள்ளோம். தண்டர்பேர்ட் போன்ற பிற மென்பொருள்களுக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

முதற்சோதனை: குறை எங்கே?

எந்தப் பழுதையும் நீக்குமுன், குறை அஞ்சல் பெட்டியிலா, கணினியிலா என்று பிரித்தறிய வேண்டும். கைப்பேசியிலோ இணைய உலாவியிலோ உங்கள் அஞ்சல் பெட்டியை நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கே அஞ்சல் இருந்து, அவுட்லுக்கில் இல்லையெனில், குறை கணினியில் உள்ளது. அங்கேயும் இல்லையெனில், அவுட்லுக்கை எவ்வளவு சோதித்தாலும் பயனில்லை. பெட்டியையோ முகவரியையோதான் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடமே ஆகும் இச்சோதனை, அரைநாள் உழைப்பைக் காக்கும்.

அஞ்சல் வராவிட்டால்

முதலாவது, இடம் நிரம்பியிருக்கலாம். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியிலிருந்து தானே சேமிக்கப்படும் படங்களும் காணொளிகளும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. பேரக் குழந்தைகளின் காணொளிகளால் இடம் நிரம்பினால், வங்கி அனுப்பும் அறிக்கை திரும்பிப் போகும். பெரிய காணொளிகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு அங்கிருந்து நீக்குங்கள்.

இரண்டாவது, ‘ஜங்க்’ கோப்புறை. வங்கியின் அஞ்சல் அங்கே சென்றிருந்தால், அதன்மீது வலச்சொடுக்கி, அனுப்புநரைத் தடுக்க வேண்டாம் என்னும் தேர்வைக் கொடுங்கள். அதற்குமுன் அனுப்புநரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இந்திய வங்கிகளுக்கென்றே ‘.பேங்க்.இன்’ என முடியும் தனி இணைய முகவரியை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தி, 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. வங்கியின் இணையதள முகவரியைச் சரிபார்க்க இது நல்ல அடையாளம்.

மூன்றாவது, ‘ஒர்க் ஆஃப்லைன்’ என்னும் பொத்தான் அறியாமல் அழுத்தப்பட்டிருக்கலாம். அவுட்லுக்கின் ‘சென்ட் ரிசீவ்’ பகுதியில் அது உள்ளது. திரையின் அடிப்பகுதியில் இணைப்பு இல்லை என்னும் குறிப்புத் தெரிந்தால், அப்பொத்தானை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் போதும்.

நான்காவது, வங்கியில் பதிவான முகவரியே பழையதாக இருக்கலாம். பணியிலிருந்தபோது நிறுவனம் தந்த அலுவலக மின்னஞ்சலைக் கணக்கில் பதிந்தவர்கள், ஓய்வு பெற்றபின் அதை மாற்ற மறந்துவிடுகின்றனர். ஓய்வு பெற்றதும் அப்பெட்டி மூடப்படும். ஓய்வுக்கு முன்பே சொந்த முகவரியைக் கிளையில் பதிவு செய்வது நலம்.

கடவுச்சொல் திரும்பத் திரும்பக் கேட்டால்

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் அவுட்லுக் ஏற்க மறுப்பது, பழைய பதிப்புகளை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தனிநபர் அஞ்சல் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது.

புதிய பதிப்பானால், கணக்கை நீக்கி மீண்டும் சேர்த்தால் உலாவிச் சாளரம் திறந்து, முறைப்படி அனுமதி கேட்கும். பழைய பதிப்பில் ஜிமெயில் வைத்திருப்போர், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்டு’ எனும் 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் பெற்று, அதனை அவுட்லுக்கில் இட வேண்டும். கணக்கை நீக்குமுன், அதன் அஞ்சல்கள் கணினியில் மட்டும் உள்ளனவா என்று பார்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினியின் தேதி தவறாக இருந்தாலும் இணைப்பு மறுக்கப்படும். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை தோன்றினால் முதலில் தேதியைப் பாருங்கள். சில ரூபாய் மின்கலமே காரணமாக இருக்கக்கூடும்.

அஞ்சல் போகாவிட்டால்

‘அவுட்பாக்ஸ்’ கோப்புறையில் அஞ்சல் தேங்கி நிற்பதற்கு, மிகப் பெரிய இணைப்பு பெரும்பாலும் காரணமாகும். ஜிமெயில் வழியே 25 எம்பி வரைதான் இணைப்புகளை அனுப்ப இயலும். கடன் விண்ணப்பத்திற்கான ஆவணங்களை உயர்ந்த தெளிவில் படமெடுத்து ஒரே அஞ்சலில் சேர்த்தால் இவ்வரம்பு கடந்துவிடும். ‘ஒர்க் ஆஃப்லைன்’ அழுத்தி, தேங்கிய அஞ்சலை ‘டிராஃப்ட்ஸ்’ கோப்புறைக்கு மாற்றி, ஆவணங்களைச் சுருக்கி இரண்டு மூன்று அஞ்சல்களாகப் பிரித்து, இணைப்பை மீட்டு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் அங்கே சாய்வெழுத்தில் தோன்றும். அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் சாய்வு மறைந்து, அஞ்சல் அங்கேயே நின்றுவிடும். மீண்டும் திறந்து ‘சென்ட்’ அழுத்தினால்தான் புறப்படும்.

திறக்க மறுத்தால், நின்று நின்று இயங்கினால்

அவுட்லுக் படத்தின்மீது சொடுக்கும்போது ‘கன்ட்ரோல்’ விசையை அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும், ‘ஆம்’ என்க. அம்முறையில் ஒழுங்காகத் திறந்தால், பிற நிறுவனங்களின் துணைச்செயலிகளுள் ஒன்றே குற்றவாளி. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ எனச் சென்று அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்பது தெரியும்.

அப்போதும் திறக்காவிட்டால் தரவுக்கோப்பு பழுதாகியிருக்கலாம். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் இது. ஆனாலும் மின்தடை எந்த ஊரையும் விடுவதில்லை. அவுட்லுக் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தால், அஞ்சல்கள் சேமிக்கப்பட்டுள்ள பி.எஸ்.டி. கோப்பு சிதையக்கூடும். இதைச் சீராக்க ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்னும் கருவி அவுட்லுக்குடனேயே வருகிறது. அவுட்லுக்கை மூடி, கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்தபின்பே அதை இயக்க வேண்டும். சில நேரங்களில் இரண்டு மூன்று முறை இயக்க நேரிடும்.

இக்கோப்பின் அளவையும் அவ்வப்போது பாருங்கள். மிகப் பழைய பதிப்புகளில் 2 ஜிபி அளவே எல்லை. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இயல்பு எல்லை 50 ஜிபி. எல்லைக்குள் இருந்தாலும் கோப்பு பெருகப் பெருக வேகம் குறையும். ‘பாப்’ முறையில் அஞ்சல் பெறுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அம்முறையில் அஞ்சல்கள் கணினிக்கு இறங்கியதும் வழங்கியிலிருந்து நீக்கப்படலாம். கணினியிலுள்ள கோப்பே ஒரே பிரதியாகிவிடும். மாதம் ஒருமுறை அதை வெளி வட்டில் நகலெடுங்கள். யுபிஎஸ் ஒன்றும் இருந்தால் மிக நன்று.

பழைய அறிக்கை தேடியும் கிடைக்காவிட்டால், அது அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தேடல் அட்டவணை பழுதாகியிருக்கும். ‘ஆப்ஷன்ஸ்’, ‘சர்ச்’, ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ எனச் சென்று ‘ரீபில்டு’ அழுத்தி, இரவு முழுவதும் கணினியை இயங்க விடுங்கள்.

நாட்காட்டி ஏமாற்றினால்

பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவருக்கு, பெங்களூரிலிருந்து ஜூலை மாதம் காலை 11 மணிக்கு அனுப்பப்பட்ட சந்திப்பு அழைப்பு, முந்தைய நாள் இரவு 10.30 என்று காட்டியது. கணினிக் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியதால் அவருக்குக் குழப்பம். புதிதாக மென்பொருள் நிறுவியவர் நேர மண்டலத்தை அமெரிக்க மேற்குக் கரையில் விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் திருத்தியிருந்தார். விண்டோஸ் அமைப்பில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி’ என்னும் +5:30 மண்டலத்தைத் தேர்ந்ததும் குறை தீர்ந்தது. முழுநாள் நிகழ்வு இரண்டு நாள்களில் பரவித் தெரிந்தாலும் இதையே சோதியுங்கள்.

மேசைக்கணினி அவுட்லுக் திறந்திருக்கும்போதுதான் அதன் நினைவூட்டல் ஒலிக்கும். வாரம் ஒருமுறை திறப்பவருக்கு அது பயன்படாது. மேலும், ஜிமெயில் கணக்கை அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் சேர்த்தால் அஞ்சல்கள் மட்டுமே வரும். கூகுள் நாட்காட்டி வராது. அங்கே குறித்தவை அந்தக் கணினியோடு நின்றுவிடும், கைப்பேசிக்குச் செல்லா. எனவே, பணம் தொடர்பான தேதிகளைக் கைப்பேசியும் கணினியும் பகிரும் ஒரே நாட்காட்டியில் குறிப்பதே முறை.

முழுநாள் நிகழ்வுக்கு அவுட்லுக் இயல்பாகத் தரும் முன்னறிவிப்பு 18 மணி நேரம். முதல்நாள் காலை 6 மணிக்கு ஒலித்து ஓய்ந்துவிடும். வைப்பு முதிர்வுக்கு அது போதாது. ‘ஒரு வாரம்’ என மாற்றுங்கள். மாதந்தோறும் 31-ஆம் தேதி எனக் குறித்தால், 31 இல்லாத மாதங்களில் அது கடைசி நாளில் அமையும்.

குறித்துவைக்கத் தக்க நாள்கள் சில: கடன் தவணைக்கு மூன்று நாள் முன்பு, வைப்பு முதிர்வுக்கு ஒரு வாரம் முன்பு, லாக்கர் வாடகை நாள், வட்டியில் வரிப்பிடித்தம் தவிர்க்கும் உறுதிமொழிப் படிவத்திற்கு நிதியாண்டின் தொடக்கம், அரசு ஓய்வூதியர் வாழ்வுச் சான்றிதழுக்கு நவம்பர் மாதம். தொழிலாளர் வைப்புநிதி அமைப்பின் ஓய்வூதியர்கள், தாம் சென்ற முறை சான்று அளித்த நாளிலிருந்து ஓராண்டு நிறையுமுன் ஒரு தேதியைக் குறிக்கலாம். கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் நாட்காட்டியில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

உதவி தேடும்போது எச்சரிக்கை

பழுது நீக்கத் தேடும் வேளையே மோசடிக்காரர்களுக்கு வாய்ப்பான வேளை. தேடுபொறியில் கிடைக்கும் ‘உதவி எண்’ அனைத்தும் உண்மையானவை அல்ல. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வோருக்கு இணங்காதீர்கள். அவர் பார்க்கும் திரையில் நீங்கள் இணைய வங்கியைத் திறந்தால், உங்கள் பணப்பெட்டியின் சாவியையே கொடுத்ததாகும். ஓடிபி, பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றை வங்கி எக்காலத்தும் கேட்பதில்லை.

அஞ்சல் பெட்டியில் ‘ரூல்ஸ்’ பகுதியையும், தானே பிறருக்கு அனுப்பும் அமைப்பையும் திறந்து பாருங்கள். நீங்கள் அமைக்காத விதி ஒன்று உங்கள் அஞ்சல்களை அறியாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், பெட்டி பிறர் கையில் உள்ளது என்று பொருள். உடனே அவ்விதியை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். சரக்கு வழங்குவோர் தம் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக அஞ்சல் அனுப்பினால், பழகிய தொலைபேசி எண்ணில் அவரிடம் பேசிய பின்னரே பணம் அனுப்புங்கள்.

பணம் போய்விட்டது எனத் தெரிந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் வங்கியையும் உடனே அழையுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இன்றி வேறோர் இடத்தில் நேர்ந்த மீறலால் பணம் எடுக்கப்பட்டிருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதி. அந்த அறிவிப்பே ‘ஜங்க்’ கோப்புறையில் கிடந்தால், மூன்று நாள்களும் அறியாமலே கழிந்துவிடும்.

இந்த வாரம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அஞ்சல் பெட்டியின் இடத்தையும், ‘ஜங்க்’ கோப்புறையையும், நேர மண்டலத்தையும், வங்கியில் பதிவான மின்னஞ்சல் முகவரியையும் சரிபாருங்கள். முகவரி மாறியிருந்தால், அடையாள ஆவணத்துடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். திருத்தித் தரக் காத்திருக்கிறோம்.