தொடாமல் துடைக்கும் வித்தை

தர்மபுரி ஜில்லாவில் பாப்பாரப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. தேசபக்தர் சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊர் அது. கோடையில் அங்கே ஒரு திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டு உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். புழுதி படிந்திருக்கும். உடனே முந்தானையால் ஒரு துடைப்பு! அதுதான் தவறு, அம்மா. புழுதியில் உள்ள மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.

மூக்குக் கண்ணாடி போனால் வேறு வாங்கலாம். ஆனால், பாப்பாரப்பட்டிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அங்குள்ள வைணு பாப்பு வானாய்வுக் கூடத்தில், 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். அதன் மேலுள்ள அலுமினியப் பூச்சோ, தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

கொஞ்சம் தூசிக்கு இவ்வளவு கவலையா என்கிறீர்களா? 1977 மார்ச் 10-ஆம் தேதி, காவலூரிலுள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்ததில் அந்த மங்கலுக்கும் பங்கு உண்டு. கண்ணாடியில் தூசி படிந்தால் ஒளி சிதறிப்போகும். இத்தகைய நுட்பங்கள் தப்பிவிடும்.

ஆகவே வானாய்வுக் கூடங்களில் கண்ணாடியைப் பதமாகக் கழுவுகிறார்கள். சில இடங்களில் கரியமில வாயுவின் பனித்தூளை ஊதுகிறார்கள். பூச்சு மங்கிப்போனால் அதைக் கரைத்தெடுத்துவிட்டு, காற்றில்லாத அறையில் புதிதாக அலுமினியம் பூசுகிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1960-இல் பிறந்த லேசர் ஒளிதான் அது. 1972-இலேயே வெனிஸ் நகரத்துச் சிலைகளின் அழுக்கை அதனால் நீக்கிப் பார்த்தார்கள். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால், அதில் சில பங்கு நேரமே ஒளி பாய்கிறது. அந்தக் கணத்தில் தூசியோ, அது ஒட்டியுள்ள பரப்போ சடக்கென்று சூடாகி விரிகிறது. கடுகு தாளிக்கும்போது துள்ளுகிறதே, அதுபோல் தூசி துள்ளி விழுகிறது. துணியும் படவில்லை, விரலும் படவில்லை!

ஆனால் அளவு தப்பக்கூடாது. ஒளியின் வலு சற்றுக் கூடினால் தூசியோடு பூச்சும் போய்விடும். அதனால்தான் தொலைநோக்கிக் கண்ணாடிகளில் இதை நிதானமாகப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

லேசர் நம் வீட்டுக்கு வேண்டாம். ஆனால் காவலூர்ப் பாடம் வேண்டும். இனி மூக்குக் கண்ணாடியை முதலில் தண்ணீரில் அலசுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். முந்தானை சற்றுப் பொறுத்திருக்கட்டும்!