லட்சம் பேருக்கு இடம்: எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2011-இல் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கோவை வீரர் நரேன் கார்த்திகேயனும் அதில் கார் ஓட்டினார். 5.125 கிலோமீட்டர் நீளத் தடம். ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது? உலகம் முழுதும் மதிக்கப்படும் பிரிட்டன் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியைப் பாருங்கள். கைப்பிடியில்லாத இருக்கைக்குக் குறைந்தது 46 சென்டிமீட்டர் அகலம். 100 மீட்டர் நீள கேலரியில் 20 வரிசை என்றால், நடைவழி போக ஏறத்தாழ 4,000 பேர் உட்காரலாம்.

ஆனால் உட்கார இடமிருந்தால் மட்டும் போதாது. அத்தனை பேரும் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர்தான் இறங்கலாம். அப்படியானால் படிகளின் மொத்த அகலம் ஏழரை மீட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும்.

படியின் அகலம் பாதிதான் என்றால், 4,000 நாற்காலி போட்டிருந்தாலும் 2,000 பேரைத்தான் உள்ளே விடலாம்.