ஐஸ் பெட்டியில் முருங்கைக்கீரை!

போன ஐப்பசியில், ஐந்து மாத கர்ப்பிணியான என் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில், ஹீமோகுளோபின் 8.9 தான் இருந்தது. 11க்குக் குறையக் கூடாதாம். டாக்டர், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, 'கீரையும் சேர்த்துக்கம்மா' என்றார்.

அடைமழையில் கீரைக்காரம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம், கம்பளிப்பூச்சி வந்து விடுமே என்று பயந்து, பக்கத்து வீட்டில் முருங்கை மரத்தை வெட்டினர். விடுவேனா? கீரையை உருவி, கவரில் அடைத்து, ப்ரீசரில் அப்படியே திணித்து விட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கூட்டு வைத்தால், ஒரே வைக்கோல் வாடை! 'மாசமா இருக்கிற பொண்ணுக்கு, செத்த கீரையையா போடுவே?' என்று மாமியார் பிடித்துக் கொண்டார். சட்டியோடு கொட்டினேன்.

மனையியல் படித்த என் நாத்தனார் தான், விஷயத்தைச் சொன்னார். 'அண்ணி... குளிர்ல வெச்சாலும், கீரையில இருக்கிற என்சைம் அடங்காது. நிறம், மணம், சத்து எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துடும். வெந்நீர் காட்டினா தான் அடங்கும்' என்றார்.

அதன்படி, மழை விட்டதும் சந்தையில் கீரை வாங்கி, கொதிக்கும் நீரில் இரண்டே நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழிந்தேன். ஒரு வேளைக்கு ஒரு உருண்டை என்று, காற்றுப் புகாமல் கவரில் கட்டி, தேதி எழுதி வைத்தேன். இரண்டு மாதமானாலும் பச்சை மாறவில்லை.

வைட்டமின் சியும், போலிக் அமிலமும் கொஞ்சம் வெந்நீரோடு போய் விடுமாம். அதனால், அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக் கொள்வேன். இரும்பும், சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் கீரையிலேயே தங்கி விடுகிறது. இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். என் மகளோ, மாத்திரை போட்ட கையோடு டீ குடித்துக் கொண்டிருந்தாள். டீ, அந்தச் சத்தை ஒட்ட விடாதாம். அதை நிறுத்தினோம்.

உருண்டையை உருக வைக்காமல், கொதிக்கும் பருப்பில் அப்படியே போடலாம். அடை மாவு, சப்பாத்தி மாவுக்கும் ஏற்றது. பொரியலுக்கு மட்டும் வேண்டாம். சொதசொதவென்று ஆகி விடும். கரன்ட் போய் உருகி விட்டால், அன்றே சமைத்து விடுங்கள். மறுபடி உறைய வைக்காதீர்கள்.

மாத்திரையும், கீரையுமாக, தை மாதம் பார்த்தபோது 10.6 இருந்தது. மாமியார் மட்டும், இன்னமும் ஐஸ் பெட்டி கீரையைத் தொடுவதில்லை. அவருக்குத் தனியாகப் புதுக்கீரை தான்!

— ஒரு வாசகி, மதுரை.